சத்தம் வருது, படம் வரல

“சத்தம் வருது. படம் வரல.”

பெய்ஜுன் இதைச் சொன்னதும், நாற்காலியில் உட்காரப்போன ஆ-தே பாதியில் நின்றான்.

“வரலன்னா?”

“வரலன்னா வரல. ஒரே கறுப்பு. நீயே பாரு.”

மடிக்கணினியில் படம் தெரிய வேண்டிய கட்டம் தார் பூசினதுபோல் கிடந்தது. அதற்குக் கீழே ஒலியின் அலைகள் மட்டும் பச்சையாக ஏறி இறங்கின. அந்த இருட்டுக்குள்ளிருந்து வயதான ஒரு ஆணின் குரல் நொண்டிக்கொண்டு வந்தது. “இன்னிக்கி... தண்ணி... ஊத்துவோம்...”

பெய்ஜுன் சட்டென்று நிறுத்தினாள். வேறு யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று பயம். பயப்பட அவசியமே இல்லை. அவர்கள் உட்கார்ந்திருந்தது, பக்கவாட்டில் திறந்து மேடையாகிற லாரியின் முதுகுப்பக்கம். ஒரு பக்கம் சமையல்காரரின் ஆவிப்பெட்டிகள் அடுக்கடுக்காகப் புகைந்துகொண்டிருந்தன. இன்னொரு பக்கம் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் தட்டுகளைத் தண்ணீரில் முக்கி ஊரையே கூப்பிடுகிற சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு அந்தப் பக்கம், தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் சிவப்பு விரிப்பு போட்ட வட்ட மேசைகள். மாப்பிள்ளை வீட்டு விருந்து. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

காலையில் நடந்த கல்யாணத்தை மதிய விருந்திலேயே படமாகக் காட்டுவதுதான் பெய்ஜுனும் ஆ-தேயும் செய்கிற தொழில். நண்டு வைத்த பசையரிசிச் சோறு மேசைக்கு வந்ததும், பெண் இரண்டாவது உடை மாற்றி உள்ளே நுழைவாள். நுழைவதற்குச் சற்று முன்னால் பெரிய திரையில் படம் ஓட வேண்டும். மற்றதெல்லாம் கோத்தாகிவிட்டது. கார்கள் வந்தது, தோழிகள் மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி வறுத்தெடுத்தது, பெண் வழக்கப்படி கார் ஜன்னலிலிருந்து விசிறியைப் போட்டது, ஊற்றிய தண்ணீர்போலப் போன பெண்ணும் திரும்புவதில்லை என்று வீட்டார் காருக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றியது. நடுவில் ஒரே ஒரு ஓட்டை. பெண் அப்பாவின் முன் மண்டியிட்டு விடைபெறும் இடம். பெண்ணின் அம்மா வாயைத் திறந்து கேட்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

“பேர மாத்திப் பாரேன்,” என்றான் ஆ-தே. “கோப்போட வால் எழுத்த மாத்தினா சில சமயம் தொறக்கும்.”

“சட்டைய மாத்தினா ஆளு மாறிடுவானாக்கும்?”

சொன்னாளே தவிர, மாற்றியும் பார்த்தாள். கறுப்புதான்.

இதெல்லாம் புலியால் வந்த வினை.

காலையில் பெண் வீட்டில், சாமி மாடத்துக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டதும், கல்யாணத் தரகுக்காரம்மா கையைத் தட்டினாள். “புலி வருஷத்துல பொறந்தவங்கல்லாம் வெளிய போயிடுங்க. யாரு புலி?” பெய்ஜுனும் புலிதான். பஞ்சாங்கத்தில் வருஷங்கள் பன்னிரண்டு மிருகங்களின் பேரில் சுற்றி வரும்; அன்றைக்கு ஆகாதது ஆட்டு வருஷம். அதை முன்கூட்டியே விசாரித்து, நாங்கள் யாரும் ஆடு இல்லை என்று சொல்லியும் இருந்தாள். புலி எந்தக் கல்யாணத்திலும் ஆகாதுதான். ஆனால் படம் எடுக்க வந்தவர்களை எந்த வீட்டிலும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வீட்டில் சேர்த்தார்கள். ஆ-தேயும் அவளும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஆகவே அவனும் புலி.

“கேமராவ மட்டும் முக்காலில நிறுத்திட்டுப் போறேங்க,” என்று கெஞ்சினாள்.

“சாமிக்கு முன்னாடி மூணு காலா? எடு எடு.”

அப்போதுதான் பெண்ணின் தாய்மாமன் ஜின்ஷூய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “நான் பன்னி வருஷம். எனக்கு எங்கயும் தடையில்ல. நான் எடுக்கறேன்.” பெய்ஜுன் கேமராவை நீட்டினாள். அவர் அதைப் பழைய இரும்புக்காரன் பார்வை பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து புத்தம் புதுப் போனை எடுத்தார். “உன்னுது எந்தக் காலத்துது? இது போன மாசம் வந்தது.”

தாய்மாமனிடம் யார் வாதாடுவது?

இரண்டு புலிகளையும் சமையலறைக்குத் துரத்திக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு புலி இருந்தது. பட்டுடுப்பும் நெஞ்சில் குத்திய பூவுமாக, குளிர்பெட்டியைப் பார்த்தபடி நின்றாள் பெண்ணின் அம்மா பாவ்ஜூ.

“நீயுமா?” என்றாள் திரும்பாமலே.

“ஆமா சித்தி.”

“எந்தப் புலி?”

“உங்களுக்கு ரெண்டு சுத்து தள்ளி வந்த புலி.”

“ஒன்னும் ஆகாது, நில்லு. இங்க நெறைய எடம் இருக்கு.”

“பெத்தவங்களுக்குமா சித்தி தடை?”

“எனக்கு யாரும் போடல. தரகுக்காரம்மாகூட ‘நீ இருக்கலாம்டி’ன்னாங்க. நானாத்தான் வந்தேன். என் வீட்டுக்காரரு கொளத்துக் கரையில கையும் காலும் இழுத்துக்கிட்டு விழுந்தப்ப பக்கத்துல நின்னது யாரு? நான். அவ கெளம்பற நேரத்துல என் கண்ணு வேணாம்.” பிறகு ரகசியம் பேசுகிற குரலில், “ஆனா நான் பாக்காதத நீ எனக்குக் காட்டிடணும், கண்ணு. சின்னதுல இல்ல. பெரிய திரையில. எல்லாரும் பாக்கற மாதிரி,” என்றாள்.

பெய்ஜுன் தலையாட்டிவிட்டாள். இப்போது அந்தத் தலையாட்டல்தான் கழுத்தைப் பிடித்தது.

படம் ஓட்டிக்காட்டும் வேறொரு இலவச நிரலில் கோப்பைப் போட்டாள். படம் வந்தது! தத்தித் தத்தி, நாலு அடி வைத்து நின்று, மறுபடி நாலு அடி வைத்து வந்தது. சாமி மாடத்தின் சிவப்பு விளக்கு. பெண்ணின் வெள்ளை உடை. நாற்காலியில் தியென்ஃபூ, பெண்ணின் அப்பா, ஒரு கை மடியில் செத்துக்கிடக்க.

“கோப்பு நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “நம்ம மென்பொருளுக்குத்தான் இதப் படிக்கத் தெரியல. புதுப் போனெல்லாம் படத்த வேற மாதிரி சுருக்கிக் கட்டுது. நம்மது கெழடு. பழைய கட்டு மட்டும்தான் பிரிக்கும்.”

“புதுசா ஏத்திடலாமே?”

“புதுசு ஏறணும்னா கணினியையே மாத்தணும். பழைய கட்டா மாத்தித்தான் எடுக்கணும். வேற வழியில்ல.”

மாற்றும் நிரலைத் திறந்து கோப்பைக் கொடுத்தாள். பச்சைக் கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது. பக்கத்தில், மீதமிருக்கும் நேரம் என்று ஒரு எண் காட்டியது. ஆ-தே அதை எட்டிப் பார்த்தான்.

“சோறு மட்டுமில்ல, கடைசியா வெட்டற பழத்தட்டும் போய்ச் சேர்ந்துடும் அதுக்குள்ள.”

“சும்மா இருடா.”

“மாமாவோட போன்லயே வெட்டி, சின்னதா அனுப்பச் சொல்லுவமா?”

நல்ல யோசனை. சொல்லி வைத்தாற்போல லாரியைச் சுற்றிக்கொண்டு ஜின்ஷூய் மாமாவே வந்தார். வெற்றிலைபாக்குச் சிவப்பு உதட்டில். போனை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, தட்டு கழுவும் பெண்களைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்.

“என்னம்மா, எப்படி வந்திருக்கு என் படம்? எல்லாத்தையும் ஒசத்தியில வெச்சு எடுத்தேன். இன்னும் நல்லா வேணுமான்னு போன் கேட்டுச்சு. வேணும் வேணும்னு அழுத்திட்டேன்.”

“அதான் மாமா சங்கடம்...”

“சங்கடமா? நல்லா எடுத்தா சங்கடமா?”

“மாமா, அந்தப் படம் இப்ப உங்க போன்ல இருக்கில்ல?”

“அது எதுக்கு? இந்தப் பையன் காலையிலயே கம்பி மாட்டி எடுத்துக்கிட்டானே. எடமில்ல எடமில்லன்னு போன் அழுதுது. அழிச்சிட்டேன்.”

“குப்பைப் பெட்டியில இருக்கும்...”

“அதையும் காலி பண்ணிட்டேனே! பேத்தி சொல்லிக்குடுத்திருக்கா. அப்பத்தான் எடம் வரும்.” வந்த இடத்தைக் காட்டவோ என்னவோ, போனை ஆவிப்பெட்டிப் பக்கம் திருப்பினார். “மறுபடி ரொம்பிடுச்சு, பாரேன்.”

பெய்ஜுன் ஆ-தேயைப் பார்த்தாள். ஆ-தே தரையைப் பார்த்தான். ஆக உலகத்திலேயே இருக்கிற ஒரே பிரதி இந்தக் கிழட்டுக் கணினிக்குள்தான். முதல் வேலையாக இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தாள். அவசரத்தில் ஒன்று கழுவுநீரில் விழப் பார்த்தது.

“என்னமோ மறைக்கறீங்க ரெண்டு பேரும்,” என்று சொல்லிவிட்டு மாமா போனார்.

“முழுசையும் எதுக்கு மாத்தறோம்?” என்றாள் பெய்ஜுன் திடீரென்று. “மாமா ஊதுவத்தியிலேர்ந்து செருப்பு வரைக்கும் எடுத்து வெச்சிருக்கார். நமக்கு வேணுங்கறது அவர் பேசற அந்தத் துண்டு மட்டும்தானே. காதால கேட்டு எடத்தக் கண்டுபிடிச்சுடலாம்.”

ஓட்டத்தை நிறுத்தினாள். கறுப்புத் திரையை வைத்துக்கொண்டே, குரல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அலைகளில் தேடிக் குறித்தாள். அந்தத் துண்டை மட்டும் கொடுத்தாள். மீதமிருக்கும் நேரம் சுருங்கியது. சுருங்கியும் போதவில்லை.

“பொண்ணே.”

பாவ்ஜூ. லாரிச் சக்கரத்தின் பக்கத்தில், பட்டுடுப்பின் விளிம்பை ஈரத்திலிருந்து தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“வந்துடுச்சா?”

“ஏறிக்கிட்டிருக்கு சித்தி.”

“நெசமா?”

“நெசமா.”

அவள் போகவில்லை. பந்தல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நெருங்கி வந்தாள். “உள்ள என்ன நடந்துது தெரியுமா? மாப்பிள்ளையோட அத்தை வந்தாங்க. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. ‘பொண்ணோட அப்பாவ மேடையேத்தி எதுக்கு செரமப்படுத்தணும், ரெண்டு வார்த்தை பேச எங்க ஊர்ப் பெரியவரு இருக்காரு’ன்னாங்க. அவரு பேசுவாருங்கன்னேன். சிரிச்சாங்க. கொழந்த எதாவது சொன்னா சிரிப்போமே, அந்த மாதிரி. இவரு பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. காதுக்கு ஒன்னும் இல்லயே அவருக்கு. எல்லாம் கேட்டுது. தலையக் குனிஞ்சு தேநீர்க் கோப்பையப் பாத்துக்கிட்டே இருந்தாரு.”

பெய்ஜுன் பச்சைக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தச் சனங்கல்லாம் கேக்கட்டும்,” என்றாள் பாவ்ஜூ. “எனக்கு அது போதும்.”

அவள் போனதும் ஆ-தே, “இல்லன்னு சொல்லிடேன், பெய்ஜுன். ஓட்டைய மூடி மீதியப் போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போவுது?” என்றான்.

“அவங்களுக்குத் தெரியும்.”

“நேரமே இல்லயே!”

நேரத்தை யார் தருவார்? விருந்து தொடங்கினால் சமையல்காரர் கை நிற்காது. தட்டுக்குப் பின் தட்டு போகும். அவரிடம் போய், கொஞ்சம் மெதுவாக அனுப்புங்கள் என்று ஒருமுறை வேறொரு கல்யாணத்தில் கேட்டு, கரண்டியால் அடி வாங்காத குறை. விருந்து தொடங்காமல் இருந்தால்தான் உண்டு. விருந்து எப்போது தொடங்கும்? தாய்மாமன் தலைமேசையில் உட்கார்ந்து, வெடி வெடித்த பிறகு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் கிடையாது. ஆகவே அந்த நாற்காலி இன்றைக்கு ஜின்ஷூய் மாமாவுக்கு.

பெய்ஜுன் எழுந்து ஓடினாள். மாமா பந்தல் வாசலில் வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தார். ஓரமாக இழுத்துச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“என் படம் தொறக்கலயா? உன் பொட்டி பழசு, என் மேல பழியா?”

“பொட்டி பழசுதான் மாமா. தப்பு என்னுதுதான். நான் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி, உங்க போன்ல படம் சுருக்கற அமைப்ப மாத்திக் குடுத்திருக்கணும். இப்ப எனக்கு வேணுங்கறது நேரம். நீங்க உக்காந்துட்டா விருந்து ஆரம்பிச்சுடும்.”

மாமா பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “அந்த மனுஷன் பேசினது வராம போயிடுமா?”

“உங்க கையிலதான் இருக்கு.”

“அழிச்சவன் நான்ல?”

அவர் பந்தலுக்குள் தலைமேசையைப் பார்த்தார்.

“போ. போய் வேலையப் பாரு.”

லாரிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த சற்று நேரத்திலேயே ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கியது. ஜிகினா உடை போட்ட மேடைப் பெண், “தாய்மாமன் அவர்களைத் தலைமேசைக்கு அன்புடன் அழைக்கிறோம்,” என்றாள். பதில் இல்லை. மறுபடி அழைத்தாள். பிறகு மைக்குக்குப் பக்கத்திலேயே மாமாவின் குரல்.

“நாற்காலி ஏன் இந்தப் பக்கம் பாத்திருக்கு?”

“எந்தப் பக்கம் போடணும் மாமா?”

“அத நான் சொல்லணுமா? எங்க ஊர்ல சொல்லாமலே தெரியும்.”

நாற்காலி இழுபடும் சத்தம். “இப்ப உக்காருங்க மாமா.”

“இவரு யாரு என் எடப்பக்கம்? இவருக்கும் எனக்கும் என்ன மொறை? மொதல்ல மொறையச் சொல்லுங்க, அப்புறம் உக்காரலாம்.”

ஆ-தே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பெய்ஜுனுக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைக் கோட்டையே பார்த்தாள். ஆவிப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து தலைமைச் சமையல்காரர் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

“யாருய்யா அது? உக்காரப் போறாரா இல்லயா? என் நண்டெல்லாம் ரப்பராயிடும்!”

“மரியாதை போதலயாம் அண்ணே,” என்றாள் தட்டு கழுவுகிற ஒருத்தி. “நாற்காலி தெக்கப் பாக்குதாம்.”

“சோத்துப்பானை எந்தப் பக்கம் பாத்தா என்னய்யா? அந்தாளத் தூக்கிட்டு வந்து என் ஆவிப்பெட்டியில உக்கார வைங்க. வேவட்டும்!”

மாப்பிள்ளையின் அப்பாவே வந்து கும்பிட்டு அழைத்தது கேட்டது. மாமா ஒரு இருமல் இருமினார். கழிப்பறை எங்கே என்று கேட்டார். ஊரே காத்திருந்தது. கோடு கடைசி முனையைத் தொட்டபோது, அவர் திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

“வந்துடுச்சு!” என்று ஆ-தே கத்தினான். தெருவில் வெடி கிழிந்தது. மாமா உட்கார்ந்துவிட்டார்.

புதுக் கோப்பை ஓட்டைக்குள் இழுத்துப் போட்டாள். படம் வந்தது. தத்தவில்லை, நிற்கவில்லை. தியென்ஃபூவின் முகம், இழுத்துக்கொண்ட இடது கன்னம், கண். “இன்னிக்கி... தண்ணி... ஊத்துவோம். அது... ஊருக்காக.”

பெய்ஜுன் ஓட்டத்தை நிறுத்தினாள்.

“என்ன?” என்றான் ஆ-தே. “நல்லாத்தான இருக்கு?”

“வாயப் பாரு.”

மறுபடி ஓட்டினாள். முதல் வார்த்தைக்கு உதடும் குரலும் ஒன்றாக இருந்தன. இரண்டாவதற்கு ஒரு இழை விலகல். போகப் போக உதடு மூடிய பிறகு வார்த்தை வந்தது. கடைசியில் அவர் வாயை மூடி உட்கார்ந்திருக்கிறார், குரல் மட்டும் எங்கிருந்தோ பேசுகிறது.

“சாமி ரூம்ல வெளிச்சம் கம்மி,” என்றாள். “இருட்டுல போன் தானா வேகத்தக் கொறச்சுக்கும், கூட்டிக்கும். இந்த நிரலுக்கு அது புரியல. ஒரே வேகம்னு நெனச்சு நீட்டி வெச்சிருக்கு.”

“மறுபடி மாத்தினா?”

முதல் தட்டு போய்க்கொண்டிருந்தது. பதிலுக்குப் பதிலாக அதைக் கையால் காட்டினாள்.

இதைத் திரையில் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குக் கண்முன் தெரிந்தது. பேச வராதவர் என்று ஏற்கெனவே முடிவுகட்டியிருக்கும் கூட்டம். அதன் முன்னால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். யாராவது ஒரு சின்னப் பிள்ளை சிரிக்கும். அப்புறம் பெரியவர்கள். அவர் தலையைக் குனிந்து கோப்பையைப் பார்ப்பார். படம் இல்லாமல் விடுவதே மேல்.

“பொறு,” என்றான் ஆ-தே. “இவரு ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல நிக்கறாரில்ல? நிக்கற எடத்துல எல்லாம் வெட்டு. சத்தத்த மட்டும் தனித்தனியா நகத்தி, உதட்டுக்கு நேரா வை.”

அவள் அவனைக் கட்டிக்கொள்ளாத குறை. சரளமாகப் பேசுகிறவராக இருந்தால் கத்தி வைக்கவே இடம் இருந்திருக்காது. வெட்டினாள். நகர்த்தினாள். ‘இன்னிக்கி’ உட்கார்ந்தது. ‘தண்ணி’ உட்கார்ந்தது. ஆனால் இழுத்த வாய். எந்த அசைவு வார்த்தை, எந்த அசைவு வெறும் முயற்சி என்று அடுத்தவருக்குப் பிடிபடவில்லை. ‘ஞாயித்துக்கெழம’யை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றும் சரிபோல இருந்தது, மூன்றும் தப்புபோலவும் இருந்தது.

“சூப்பு போயிடுச்சு,” என்றான் ஆ-தே.

“சித்தியக் கூட்டிட்டு வா.”

“பெரிய திரையில பாக்கணும்னு ஆசப்பட்டாங்களே?”

“கூட்டிட்டு வாடா!”

பாவ்ஜூ வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், “நான் பாக்கலாமா இப்ப?” என்றுதான் முதலில் கேட்டாள். “சடங்கு முடிஞ்சு அவ மாப்பிள்ளை வீட்டுக்கே வந்துட்டா சித்தி. இனிமே புலி பூனைதான்,” என்றான் ஆ-தே. அவள் ஒரு பிளாஸ்டிக் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவனின் முகத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டபோது அவள் உதடு கூடவே இழுபட்டது.

“இது இல்ல. இது எச்சி முழுங்கறாரு. இதுவும் இல்ல... இப்ப! வலது கண்ண இடுக்கறாரு பாரு, அதுக்கப்புறம்தான் வார்த்தை வரும்.”

‘ஞாயித்துக்கெழம’ போய் உட்கார்ந்தது. ‘கஞ்சி.’ ‘வைப்பேன்.’ ‘உன்.’

அதற்குப் பிறகு ஒரு நீண்ட வெறுமை. தியென்ஃபூ வாய் திறந்தபடி இருந்தார். ஒன்றும் வரவில்லை. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கேமராவுக்கு வெளியே எதையோ பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்த எடத்த எடுத்துடு, பெய்ஜுன்,” என்றான் ஆ-தே மெல்ல. “பாவம், மறந்துட்டாரு. எடுத்துட்டா வாக்கியம் கோர்வையாவும் இருக்கும், நேரமும் மிச்சம். நண்டுச் சோத்த மேசைக்கு அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க.”

பெய்ஜுன் வெட்டப் போனாள். பாவ்ஜூ அவள் கையைப் பிடித்தாள்.

“மறக்கல. என்னைத் தேடறாரு.”

“சித்தி?”

“அது சமையக்கட்டுக் கதவு. வீட்டுல அவருக்கு வார்த்தை மாட்டிக்கிட்டா நான் எடுத்துக் குடுப்பேன். அவரு ‘உ’ன்னு இழுக்கறப்பவே உப்ப நீட்டிடுவேன். பேச்சுப் பழக்க வர்ற அந்தப் பொண்ணு என்னைத்தான் திட்டும், ‘நீங்க கொஞ்சம் வாய மூடுங்க’ன்னு. காலையில உள்ள சத்தம் நின்னு போச்சே, கேட்டியா நீ? எனக்கு வார்த்தை தொண்டைக்கு வந்துடுச்சு. கதவத் தாண்டிக் கத்தியிருப்பேன். குளிர்பெட்டிக் கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ‘பங்கு’ன்னு சொல்லப்போறாரு, உன் பங்கு இருக்கும்னு, அதான்னு நெனச்சேன்.” படத்தில் தியென்ஃபூ திரும்பி மகளைப் பார்த்தார். வலது கண் இடுங்கியது. பாவ்ஜூ திரையை விரலால் தொட்டாள். “நான் நெனச்சது தப்பு. இங்க வை. இங்கதான் அவருக்குக் கெடச்சுது.”

“அந்த இடைவெளி?”

“விடு. சிரிக்கறவங்க சிரிக்கட்டும்.”

பெய்ஜுன் விட்டாள். கடைசித் துண்டுகளை அவசரமாக ஒட்டி, படத்தை வெளியே எடுக்கக் கொடுத்தாள். முடிந்ததும் பென் டிரைவில் ஏற்றினாள். திரைக்காரன் வந்து பென் டிரைவைப் பறித்துக்கொண்டு ஓடினான். ஒருமுறைகூட முழுதாக ஓட்டிப் பார்க்கவில்லை.

பந்தலில் விளக்கை மங்கச் செய்தார்கள். பெய்ஜுன் லாரியின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் பாவ்ஜூ. தலைமேசைக்குப் போகச் சொல்லியும் போகவில்லை. கார்கள் வந்தன. தோழிகளின் கேலிக்குக் கூட்டம் சிரித்தது. சாப்பாட்டுக் குச்சிகள் நண்டைக் கிளறிக்கொண்டே இருந்தன. பிறகு அந்த முகம் வந்தது, மேசைகளைவிடப் பெரிதாக.

“இன்னிக்கி... தண்ணி... ஊத்துவோம்.”

சிலர் திரும்பினார்கள். “அது... ஊருக்காக.” யாரோ, அட, என்றார்கள். பெய்ஜுன் உதட்டை மட்டும் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கிறது. “ஞாயித்துக்கெழம... கஞ்சி... வைப்பேன். உன்...”

நின்றது.

திரை பழுதாகிவிட்டதோ என்று திரைக்காரன் கம்பியைத் தொட்டான். ஒரு பிள்ளை ஏதோ கேட்டு, யாரோ அதன் வாயை அடைத்தார்கள். குச்சிகளின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. மாப்பிள்ளையின் அத்தை பக்கத்து நாற்காலியிடம் குனிந்து என்னவோ சொன்னாள். பெரிய முகம் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பெய்ஜுன் தன்னையே திட்டிக்கொண்டாள். வெட்டியிருக்கலாம். ஆ-தே சொன்னபோதே வெட்டியிருக்கலாம். பாவ்ஜூவின் வாய் திறந்தது. கையால் அழுத்தி மூடிக்கொண்டாள்.

“கிண்ணம்.”

திரையிலிருந்து வரவில்லை. தலைமேசையிலிருந்து வந்தது. தியென்ஃபூ, நல்ல கையை மேசையில் ஊன்றி, திரையில் தவிக்கிற தன் முகத்தைப் பொறுமையில்லாமல் பார்த்து, முந்திக்கொண்டு சொன்னார். “கிண்ணம்!” என்றார் மறுபடி, இன்னும் உரக்க. அப்புறம்தான் திரையில் இருந்தவருக்கு அது கிடைத்தது. “கிண்ணம்... அங்கயேதான்... இருக்கும்.”

ஜின்ஷூய் மாமா மேசையைத் தட்டினார். “கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்?” என்று எழுந்தார். அவரை உட்கார வைக்கப் பட்ட பாட்டை மறந்து சுற்றியிருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். கைதட்டல் கடைசி மேசை வரைக்கும் போனது. அத்தை கூடத் தட்டினாள், நண்டு பிசுபிசுத்த விரல்களோடு. பெண் இரண்டாவது உடையில் உள்ளே வந்தாள். விளக்கைப் பின்தொடராமல் நேராக அப்பாவிடம் போய்விட்டாள். மேடைப் பெண்ணுக்கு என்ன அறிவிப்பது என்று தெரியவில்லை.

பெய்ஜுனுக்கு மட்டும் தெரிந்தது. ‘அங்கயேதான்’ ஒரு இழை பிந்தித்தான் வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

திரும்பினால், பாவ்ஜூ கழுவின தட்டுகளுக்கு நடுவில், ஈர மணையில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

“நல்லா வந்துதா சித்தி?”

“வந்துது, கண்ணு.” மூக்கை உறிஞ்சினாள். “யாரும் எடுத்துக் குடுக்காமலே சொல்லிட்டாரு, பாத்தியா. ரெண்டு தடவை.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எங்கோ போயிற்று. “இனிமே நான் வாய மூடிக்கிட்டுத்தான் இருக்கணும் போல.”

“அதெல்லாம் அப்புறம் மூடலாம்,” என்றாள் ரப்பர் பூட்ஸ்காரி, அவளைக் கைகொடுத்துத் தூக்கியபடி. “மொதல்ல எழுந்திரும்மா. பட்டெல்லாம் சோப்புத் தண்ணி.”